அணுவை மோலாக்க நான்கு வழிகள்: எந்தப் பிள்ளைக்கு எது?

பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் வீட்டில், மோல் பாடம் வந்ததும் ஒரு சின்னக் கலவரம் நடக்கும். பள்ளியில் சூத்திரம் எழுதிப் போட்டிருப்பார்கள். டியூஷனில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டியிருப்பார்கள். யூடியூபில் ஒருவர் அலகுகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டே போவார். கடைக்கணக்கு பழகிய அப்பா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுக்கு இவ்வளவு என்றால் அவ்வளவுக்கு எவ்வளவு, அவ்வளவுதானே’ என்று நான்காவதாக ஒரு வழியில் போட்டுக் கொடுப்பார். நான்கிலும் ஒரே விடைதான் வரும். ஆனால் பரீட்சை அறையில் பிள்ளை நான்கையும் அரைகுறையாகக் கலந்து ஐந்தாவதாக ஒன்றைப் போட்டுவிட்டு வரும்.

காரைக்குடிப் பக்கம் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வருகிற பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றே: “சார், எதை ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது?” ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. பிள்ளை எந்த வகுப்பு, எந்தத் தேர்வு, எந்த இடத்தில் தப்பு விடுகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடிப்படையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள்; இந்த எண்ணுக்குத்தான் அவகாட்ரோ எண் என்று பெயர். அணுவை எண்ணிப் பார்க்க முடியாது, எடை போட்டுப் பார்க்க முடியும்; அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோல். அணுக்களின் எண்ணிக்கையிலிருந்து மோலுக்குப் போக வகுக்க வேண்டும், மோலிலிருந்து அணுவுக்கு வரப் பெருக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். எங்கே வகுப்பது, எங்கே பெருக்குவது என்பதை மறக்காமல் இருக்கத்தான் இத்தனை வழிகள்.

எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது வேகம், அதுவும் கால்குலேட்டர் இல்லாத வேகம். இரண்டாவது, தலைகீழாகப் போட்டுவிட்டால் அது கண்ணில் படுமா என்பது. மூன்றாவது, கேள்வி ஒரு படியில் முடியாமல் கிராம், மோல், மூலக்கூறு, அணு என்று நீண்டால் அந்த வழி தாங்குமா என்பது. நான்காவது, விடைத்தாளில் படி மதிப்பெண் கிடைக்கும்படி இருக்கிறதா. ஐந்தாவது, பழக எத்தனை நாள் பிடிக்கும்.

இவற்றில் இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேகம் பழகப் பழக வந்துவிடும். தலைகீழாகப் போட்டதைக் கண்டுபிடிக்கும் வசதி அந்த வழியிலேயே இருந்தால்தான் உண்டு.

வழி 1: ஓரலகு முறை

ஆறாம் வகுப்புக் கணக்கில் படித்த அதே முறை. அப்பா போட்டுக் கொடுத்ததும் இதுதான்.

கேள்வி: 1.5055 × 10²³ தாமிர அணுக்கள் எத்தனை மோல்?

6.022 × 10²³ அணுக்கள் → 1 மோல்
1 அணு → 1 ÷ (6.022 × 10²³) மோல்
1.5055 × 10²³ அணுக்கள் → (1.5055 × 10²³) ÷ (6.022 × 10²³) = 0.25 மோல்

இதன் பலம், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது. ‘இத்தனை அணு சேர்ந்தால் ஒரு மோல்’ என்ற ஒரு வரி தெரிந்தால் மீதி தானாக வரும். வேதியியலே படிக்காத அப்பத்தாகூடப் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது ஒன்றுக்கும் குறைவாகத்தானே வரணும்’ என்று சொல்லிவிட முடியும். பாடம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு அப்புறம்தான் தெரியும். ஒவ்வொரு படிக்கும் மூன்று வரி எழுத வேண்டும். கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து மூலக்கூறு, மூலக்கூறிலிருந்து அணு என்று கேட்டால் ஒன்பது வரி. ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை தசமத்தை வெட்டிக்கொண்டே போகும். கடைசியில் விடை சற்று விலகி நிற்கும். அவசரத்தில் நடு வரியை விட்டுவிட்டுக் குறுக்குப் பெருக்கலுக்குத் தாவும்போது, அம்புக்குறியின் இடது பக்கம் போக வேண்டியது வலது பக்கம் போய்விடும். அப்படிப் போனதற்கு எந்தத் தடயமும் தாளில் இருக்காது.

வழி 2: சூத்திரம்

மோல்களின் எண்ணிக்கை = அணுக்களின் எண்ணிக்கை ÷ அவகாட்ரோ எண்

நம் பத்தாம் வகுப்புப் புத்தகம் எடுத்துக்கொண்ட வழி இது. திருத்துபவரும் சூத்திரம், பிரதியிடுதல், அலகோடு விடை என்ற வரிசையைத்தான் கண்ணால் தேடுவார். பொதுத்தேர்வில் ஒரு படிக் கேள்விக்கு இதைவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

செலவு எங்கே என்றால், சூத்திரம் ஒன்றோடு நிற்பதில்லை. நிறை கொடுத்தால் ஒரு சூத்திரம், வாயுவின் கனஅளவு கொடுத்தால் இன்னொன்று, மூலக்கூறு எண்ணிக்கைக்கு மற்றொன்று. எல்லாம் ஒரே சாடையில் இருப்பதால் எதன் கீழே எது என்பது குழம்பும். அது மட்டுமில்லை, சூத்திரம் பிள்ளையைக் கேள்வி கேட்காது. அணுக்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் போட்டாலும் சமத்தாக ஒரு விடையைத் தந்துவிடும்.

ஒரு சிறு பாதுகாப்பு இருக்கிறது. 3.011 × 10²³ அணுக்களை மோலாக்கச் சொன்னால் சிலர் வகுக்காமல் பெருக்கிவிடுவார்கள், 1.8 × 10⁴⁷ மோல் என்று வரும். பூமியில் உள்ள அணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலே எண்ணிக்கை 10⁵⁰ அளவில்தான் இருக்கும். அடுக்கில் நாற்பதுக்கு மேல் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் வரிக்குப் போகச் சொல்லுங்கள்.

வழி 3: முக்கோணம்

மேலே அணுக்களின் எண்ணிக்கை, கீழே ஒரு பக்கம் மோல், மறுபக்கம் அவகாட்ரோ எண். வேண்டியதை விரலால் மூடினால் மீதி இரண்டும் பெருக்கலாகவோ வகுத்தலாகவோ தெரியும்.

எனக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. சூத்திரத்தின் இடத்தை மாற்றி எழுதத் தெரியாத பிள்ளைக்கு ஒரு ஊன்றுகோல், அவ்வளவே. மேலே எது என்று மறந்துபோனால் முக்கோணம் முழுவதும் போச்சு. நிறைக்கு ஒன்று, கனஅளவுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று என்று மூன்று முக்கோணம் வரைய வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ அதில் வழி இல்லை. ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் இதை நானே சிபாரிசு செய்வேன். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, பிள்ளைக்கு இயற்கணிதம் பிடிபடவில்லை, பாஸானால் போதும் என்கிற நிலை. அங்கே போய் அலகு, காரணி என்று பாடம் எடுப்பது கொடுமை. முக்கோணத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

வழி 4: அலகு அடிக்கும் முறை

புத்தகத் தமிழில் பரிமாணப் பகுப்பாய்வு என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். கொடுத்த எண்ணில் தொடங்கி, பின்னத்தின் மேல் பின்னமாகப் பெருக்கிக்கொண்டே போவது. வேண்டாத அலகு மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுவிடும். கடைசியில் மிஞ்சும் அலகு கேட்ட அலகாக இருந்தால் கணக்கு சரி. நம் பக்கத்துப் பழைய பேரேடுகளில் பற்றும் வரவும் நேர் வராமல் ஐந்தொகை முடியாது. இதிலும் அலகு நேர் வராமல் விடை முடியாது.

மற்ற மூன்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நீளமான கேள்வியில்தான் தெரியும். ஒரு பவுன் நகையையே எடுத்துக்கொள்வோம். எட்டு கிராம், 22 காரட். அதில் எத்தனை தங்க அணுக்கள்? தங்கத்தின் அணு நிறை 197, அதாவது ஒரு மோல் தங்கம் 197 கிராம்.

8 கிராம் நகை
× (22 கிராம் தங்கம் / 24 கிராம் நகை)
× (1 மோல் தங்கம் / 197 கிராம் தங்கம்)
× (6.022 × 10²³ தங்க அணு / 1 மோல் தங்கம்)
= 2.24 × 10²² தங்க அணுக்கள்

‘கிராம் நகை’ முதல் பின்னத்தில் அடிபடும். ‘கிராம் தங்கம்’ இரண்டாவதில். ‘மோல் தங்கம்’ மூன்றாவதில். அணு மட்டும் மிஞ்சும். சூத்திரத்தில் போடுகிற பிள்ளை பெரும்பாலும் எட்டு கிராமை அப்படியே 197-ஆல் வகுக்கப் போய்விடும், ஏனென்றால் சூத்திரத்தில் ‘நிறை’ என்றுதான் எழுதியிருக்கிறது. நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதைச் சூத்திரம் நினைவூட்டாது. இங்கே ‘கிராம் நகை’ அடிபடாமல் தொங்கிக்கொண்டு நிற்கும்; அதை அடிக்க ஒரு பின்னம் தேடும்போது காரட் ஞாபகம் வந்தே தீரும்.

இன்னொன்று பார்ப்போம். ஆத்தங்குடி கல்லில் பார்க்கும் சிவப்புக்கு உதவும் ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. அதன் ஓர் அலகில் இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, சுமார் 160 கிராம். 16 கிராம் தூளில் எத்தனை இரும்பு அணுக்கள்?

16 கிராம் ஆக்சைடு
× (1 மோல் ஆக்சைடு / 160 கிராம் ஆக்சைடு)
× (2 மோல் இரும்பு / 1 மோல் ஆக்சைடு)
× (6.022 × 10²³ இரும்பு அணு / 1 மோல் இரும்பு)
= 1.2044 × 10²³ இரும்பு அணுக்கள்

நடுவில் இருக்கும் அந்த ‘2’ தான் மார்க் போகும் இடம். ஓரலகு முறையிலும் சூத்திரத்திலும் அது தனியாக நினைவில் வர வேண்டும். இங்கே ‘மோல் ஆக்சைடு’ என்பதிலிருந்து ‘மோல் இரும்பு’ என்பதற்குப் போக ஒரு பின்னம் இல்லாமல் முடியாது.

ஆனால் இந்த முறையின் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலான வீடியோக்களில் இதைச் சொல்வதில்லை. பிள்ளை சோம்பல்பட்டு வெறும் ‘மோல்’ என்று மட்டும் எழுதினால், மோல் ஆக்சைடும் மோல் இரும்பும் ஒன்றுபோலத் தெரியும். ‘2’ இல்லாமலே மோலும் மோலும் அழகாக அடிபட்டு, விடை பாதியாக வந்து நிற்கும். அலகெல்லாம் சரி, விடை தப்பு. ஆகவே அலகோடு பொருளின் பெயரையும் எழுதியே ஆக வேண்டும். பெயர் எழுதாத அலகு அடிக்கும் முறை, சூத்திரத்தைவிட ஆபத்தானது என்றே சொல்வேன், ஏனென்றால் அது பொய்யான நம்பிக்கையைத் தருகிறது.

மற்றச் செலவுகள்: பின்னத்தைத் தலைகீழாக்கவும், தொகுதி பகுதி என்று யோசிக்கவும் தடுமாறாத பிள்ளையாக இருக்க வேண்டும். பழக ஒரு மாதமாவது ஆகும். அந்த மாதத்தில் வேகம் குறையும். வகுப்புத் தேர்வில் மதிப்பெண்கூட இறங்கலாம். பாதியில் பயந்து பழைய வழிக்கே திரும்பும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தொடங்குவதானால் காலாண்டு விடுமுறை, கோடை விடுமுறை மாதிரி மூச்சு விட இடம் இருக்கும்போது தொடங்க வேண்டும்.

பலன் பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியலில் வட்டியோடு திரும்பி வரும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) நம் ஊரில் இருக்கிறது. மின்முலாம் பூசுவது பற்றிய ஆய்வுக்குப் பேர்போன இடம். அந்த வகைக் கணக்கு ஒன்று: வெள்ளி முலாம் பூச 1 ஆம்பியர் மின்னோட்டத்தை 965 விநாடிகள் செலுத்தினால் எத்தனை வெள்ளி அணுக்கள் படியும்? ஆம்பியரை விநாடியால் பெருக்கினால் மின்னூட்டம், 965 கூலும்; 96,500 கூலும் என்றால் ஒரு மோல் எலக்ட்ரான்; ஒரு வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரான். இவற்றைப் பின்னங்களாகச் சங்கிலிபோலக் கோத்துப் பெருக்கினால் 0.01 மோல் வெள்ளி, 6.022 × 10²¹ அணுக்கள். தாமிரம் என்றால் ஓர் அயனிக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் ஒரே ஒரு பின்னம் மாறும், விடை 3.011 × 10²¹. புதிய சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை.

ஒரு பார்வையில்

| | ஓரலகு முறை | சூத்திரம் | முக்கோணம் | அலகு அடிக்கும் முறை |
|---|---|---|---|---|
| ஒரு படிக் கேள்வியில் வேகம் | மெதுவு | மிக வேகம் | வேகம் | நடுத்தரம் |
| தலைகீழாகப் போட்டால் தெரியுமா | யோசித்தால் தெரியும் | தெரியாது | தெரியாது | உடனே தெரியும் |
| பல படிக் கேள்வி | இழுவை | குழப்பம் | தாங்காது | இதற்கென்றே உள்ளது |
| படி மதிப்பெண் | கிடைக்கும் | எளிதாகக் கிடைக்கும் | முக்கோணத்துக்குத் தனியாக இல்லை | கிடைக்கும், தெளிவாக எழுதினால் |
| பழகும் காலம் | ஓரிரு நாள் | சில நாள் | ஒரு மணி நேரம் | ஒரு மாதம் |

சரி, எந்தப் பிள்ளைக்கு எது?

பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம் என்றால் ஓரலகு முறையில் தொடங்கி, அர்த்தம் பிடிபட்டதும் சூத்திரத்துக்கு மாறிவிடலாம். அந்த வகுப்பில் வருபவை பெரும்பாலும் ஒன்றிரண்டு படிக் கேள்விகள்தாம். அங்கே நான்காவது வழியைத் திணிக்கத் தேவையில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்கப்போகிறவர் என்றால், பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே அலகு அடிக்கும் முறையைத் தொடங்கிவிட வேண்டும். பதினொன்றின் முதல் பாடமே வேதிக் கணக்கீடுகள். ஜூனில் பழகிக்கொண்டே பாடத்தையும் துரத்துவது கஷ்டம்.

நீட் எழுதுபவருக்குச் சூத்திரம், அலகு அடிக்கும் முறை இரண்டும் வேண்டும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் தேர்வு அது. ஒரு படிக் கேள்வி என்று பார்த்தவுடன் தெரிந்தால் சூத்திரத்தில் 6.022-ஐ 6 என்று வைத்து மனதிலேயே போட்டு, கிட்டத்து விடையைத் தேர்ந்தெடுக்கலாம். சேர்மத்தின் பெயர் கேள்வியில் வந்தால் மட்டும் சங்கிலியாகப் போட வேண்டும், ஏனென்றால் ‘2’ மறந்தவருக்கான விடையையும் நான்கில் ஒன்றாக வைத்திருப்பார்கள்.

கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைக்கு ஓரலகு முறையோடு நின்றுவிடலாம். மெதுவுதான், ஆனால் என்ன செய்கிறோம் என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

எந்த வழியும் காப்பாற்றாத இடங்கள்

கேள்வியைத் தப்பாகப் படித்தால் நான்கும் கைவிரித்துவிடும். ‘அரை மோல் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை அணுக்கள்?’ என்று கேட்டால், ஆக்சிஜன் வாயு இரண்டு அணு மூலக்கூறு என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலக்கூறுகள் 3.011 × 10²³, அணுக்கள் 6.022 × 10²³. ‘அணு’, ‘மூலக்கூறு’ என்ற சொற்களைக் கேள்வித்தாளில் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.

அடுக்குக் கழித்தலும் அப்படித்தான். 10²³-ஐ 10²¹-ஆல் வகுத்தால் 10², அதைத் திருப்பிப் போட்டால் 10⁻². வேதியியல் பாடத்தில் போகும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு உண்மையில் கணக்குப் பாடத்தின் கடன். இதற்கு வழி மாற்றிப் பிரயோசனம் இல்லை. தினம் பத்து அடுக்குக் கணக்கு போட்டால் போதும்.

கடைசியாக, வீட்டில் நடக்கும் 6.022-ஆ 6.023-ஆ சண்டை. அப்பா படித்த காலத்துப் புத்தகங்களில் 6.023 × 10²³ என்று இருந்தது, அதனால் அவர் சொல்வதும் வீண் இல்லை. அவகாட்ரோ 1811-இல் சொன்னது கருத்து மட்டும். எண்ணை அவர் கணக்கிடவில்லை. அவர் பெயரை அதற்குச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரென், 1909-இல். பரிசோதனைகள் நுட்பமாக ஆக ஆகக் கடைசி இலக்கங்கள் மாறிக்கொண்டே வந்தன. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிலைநிறுத்திவிட்டார்கள், இனி மாறாது. கேள்வித்தாளில் ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அதையே போடட்டும், கொடுக்காவிட்டால் 6.022.